பாதிக் கோடு

ஹடர்ஸ்ஃபீல்ட் நகர மன்றத்துக்கு அடியில்
ஜன்னலில்லாத ஓர் அறை.
பகலில் நான் மூன்றாம் மாடியில்
வாகன நிறுத்த அனுமதிச் சீட்டு கொடுப்பவள்.
எப்போதோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போனதால்
இரவு ஒன்பதே முக்காலுக்கு அழைத்தார்கள்:
பதிவு எழுத ஆள் வேண்டும், வா.

பதிவு எழுதுபவளுக்கு விதிகள் சொற்பம்.
கறுப்பு மை. தாளைக் கிழிக்காதே.
யார், எத்தனை மணிக்கு, என்ன தீர்மானித்தார், எதனால்.
கை தவறினால் ஒற்றைக் கோடு,
அடித்தது அடியில் வாசிக்கத் தெரியவேண்டும்,
பக்கத்தில் சுருக்கொப்பம்.
உன் கருத்தை யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தொரு பேருக்கு வயிற்றுப்போக்கு.
இருபத்தாறு பேர் ஒரே மலைச்சரிவில்.
மேலே நீர்த்தேக்கத்துக்குள்
ஒரு வாரமாக மழை இறக்கிக்கொண்டிருந்தது
முழுக் குன்றின் செம்மறிப் புழுக்கையை.

எல்லோர் கழுத்திலும் அட்டை.
ஆய்வகம், தண்ணீர் நிறுவனம், மருத்துவமனை,
பள்ளிகள், செய்தி.
'தலைமை' என்ற அட்டையை ஹெஸ்கெத் அம்மையார்
கழற்றித் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.
"இப்படி இரண்டு நடத்தியிருக்கிறேன்.
ஒன்றில் தாமதித்தேன்.
நான் பிழை என்றால் இங்கேயே சொல்லுங்கள்,
தாழ்வாரத்தில் போய்ச் சொல்லாதீர்கள்."
அதையும் எழுதினேன். 22:31.

23:10. தீர்மானம்: காத்திருப்பது.
காரணம்: ஆய்வு முடிவு வர ஆறு மணி நேரம்;
வடிகட்டி சரி என்கிறார் ஓல்ட்ராய்ட், தண்ணீர் நிறுவனம்;
நாற்பதாயிரம் வீடுகளை நள்ளிரவில் எழுப்ப
இது போதாது.
மேசைக் கோடியில் சுகாதாரப் பரிசோதகன் தாக்ரே,
வயது இருபத்தைந்துதான் இருக்கும்,
உதட்டைத் திறந்தான், மூடினான்.
மூடிய உதட்டை எழுத
என் பதிவேட்டில் பத்தி இல்லை.

ஒன்றரை மணிக்கு பிஸ்கட் தீர்ந்தது.
அம்மையார் மேசையைச் சுற்றி
ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்,
அவனிடம் மட்டும் கேள்வி வேறு:
"பதினொன்று பத்துக்கு எதை விழுங்கினீர்கள்?"

காது சிவந்து சொன்னான்.
மதியம் நிலையத்துக்குப் போயிருக்கிறான்.
கலங்கல் அளவுத் தாளில்
நாலு மணி நேரம் வெற்றாக இருந்திருக்கிறது.
பேனாவில் மை தீர்ந்ததென்று யாரோ சொன்னார்களாம்.
ஓல்ட்ராய்டின் கழுத்து அட்டை
ஏறி இறங்கியது.
"ஆமாம்," என்றார், வெகு நேரம் கழித்து.
"அந்தத் தாள் எனக்கும் தெரியும்."

02:04. தீர்மானம்: கொதிக்கவைத்துக் குடிக்க அறிவிப்பு, இப்போதே.
டயாலிசிஸ் பிரிவுக்கு முதல் அழைப்பு,
பிறகு முதியோர் இல்லங்கள்,
பிறகு வீடுகள்.
அறை முழுக்கத் தொலைபேசி.
ஆறிப்போன கோப்பைக்கு அடியில்
அட்டை ஈரமாகி மடிந்திருந்தது.

அந்தச் சந்தடியில் என் கை
தானாக மேலேறியது, 23:10 வரிக்கு.
கோடு இழுக்கத் தொடங்கியிருந்தேன்.
'காத்' வரை போயிருப்பேன்,
அவர் விரல் தாளில் வந்து நின்றது.
"அது கைத்தவறு இல்லை, மங்கை.
என் தீர்மானம். அப்படியே இருக்கட்டும்.
புதியதைக் கீழே எழுதுங்கள்."

விடிகாலைப் பேருந்தில் ஏறினேன்.
மேட்டுத் தெருக்களில் சமையலறை ஜன்னல்கள்
உள்ளிருந்து ஆவி படிந்து வெளுத்திருந்தன.
அந்த வாரம் இன்னும் அறுபது பேர் படுத்தார்கள்.
காத்திருந்த மூன்று மணி நேரத்தில் குடித்தவர்கள்
அதில் எத்தனை பேர் என்று
யாராலும் சொல்ல முடியவில்லை.

எட்டு மாதம் கழித்து விசாரணை.
வழக்கறிஞர் கண்ணாடியை உயர்த்தித்
தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில்
ஒரே ஓர் அடித்தல், அதுவும் அரையும் குறையுமாக.
பக்கத்தில் கிறுக்கல் மாதிரி ஏதோ.

அது 'ம', என்றேன். என் எழுத்து.
அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது.

"சரி. இந்தப் பாதிக் கோடு?"

இரண்டாம் வரிசையில் ஹெஸ்கெத் அம்மையார்
மடியில் கோட்டுடன், நிமிர்ந்து.
தாக்ரே வரவில்லை, வேலை மாறிவிட்டானாம்.

"என் கருத்து," என்றேன்.
"இருந்திருக்கக் கூடாது."

அறையின் மூலையில் ஒருத்தி
தலை நிமிராமல்
அதை எழுதிக்கொண்டாள்.